கோதுமை தவிர்த்த பந்தி

உணவு ஒவ்வாமற்போவது உடலுக்கு வரும் துன்பம். அதன் காரணமாகப் பந்தியை விட்டு விலகி உட்கார நேர்வது உள்ளத்துக்கு வரும் துன்பம். முன்னையதற்கு மருத்துவர் வழி சொல்லிவிடுவார். பின்னையதற்கு வழி காண வேண்டியவர்கள் வீட்டாரும் அயலாருமே. இதனை எமக்கு உணர்த்தியது பெரிய நூல் எதுவுமன்று. கடதாசிப் பெட்டியில் அடைபட்டு வந்த பலகார மா ஒன்றேயாம்.

பிரவுனி எனப்படும் மேனாட்டுப் பலகாரத்தைக் கோதுமை சேராமல் வீட்டில் சுட்டுப் பார்த்த வரலாற்றை இங்கே எழுதப் புகுந்தோம். கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிப்பவருக்கு அடுப்படியில் என்ன வேலை என்று நேயர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும். அடுப்படியைக் காட்டிலும் சிறந்த ஆய்வுகூடம் வேறொன்று உண்டோ என்பதே எமது மறுமொழி.

எமது இல்லம் ஹல்துமுல்லையில் தேயிலைச் சரிவை ஒட்டி இருக்கிறது. வானம் தெளிந்த நாளில் தெற்கே நெடுந்தொலைவில் உடவளவை நீர்த்தேக்கம் கண்ணாடித் துண்டுபோல் மின்னுவதைத் திண்ணையிலிருந்தே காணலாம். எம் அன்னையாரும் இல்லாளும் எம்மோடு வாழ்கின்றனர். கொழும்பில் பணிபுரியும் எம் தங்கையின் மகள், பன்னிரண்டு வயதுச் சிறுமி, ஈராண்டாக எம்மிடம் தங்கிப் படித்து வருகிறாள்.

பிள்ளை கெட்டிக்காரி; ஆனால் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை. முகம் வெளிறியிருக்கும், வயிறு அடிக்கடி கெடும். குருதிச்சோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தாயிற்று. பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. பயனில்லை. சென்ற ஆண்டு தலைநகரில் நிபுணர் ஒருவர் இரத்தத்தைப் பரிசோதித்தார். பின்னர் குழாய் செலுத்திச் சிறுகுடலின் நுண்ணிய துணுக்கையும் எடுத்து ஆராய்ந்து, இது சீலியாக் நோய் என்று அறுதியிட்டார். மருந்து யாது என வினவினோம். "மருந்து இல்லை. கோதுமை, பார்லி, றை ஆகிய மூன்று தானியங்களையும் வாழ்நாள் முழுவதும் உண்ணக்கூடாது. அவ்வளவே" என்றார்.

அவ்வளவே என்று அவர் சொல்லிவிட்டார். மலைநாட்டு வீடுகளில் அது எவ்வளவு என்பதை இங்குள்ளோர் அறிவர். காலையில் ரொட்டி, மாலையில் பாண், மழைநாளில் வடிவாகப் பிசைந்த மாவில் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்துச் சுட்ட தடித்த ரொட்டி. இவையின்றித் தோட்டத்து லயங்களில் பொழுது விடிவதுமில்லை, அடைவதுமில்லை. எம் அன்னையார் லயத்தில் பிறந்து கொழுந்து பறித்து எம்மைப் படிக்கவைத்தவர். அவர் கையின் ரொட்டி உண்டு வளர்ந்த உடம்பே எமது உடம்பு.

ஆயினும் கோதுமை எம் முன்னோர் உணவன்று. தென்னிந்தியாவிலிருந்து இம்மலைகளுக்கு வந்தவர்கள் சோறும் கூழும் உண்டவர்கள். தோட்ட நிர்வாகங்கள் அரிசியை வழங்கி அதன் விலையைக் கூலியில் கழித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. 1942ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. பங்கீட்டில் கோதுமை மா பெரிதும் புகுந்தது. போர் முடிந்தும் மா போகவில்லை. விரைவில் சமைக்கலாம், கறியில்லாவிட்டாலும் சம்பலோடு உண்ணலாம், மலைக்கு எடுத்துச் செல்லலாம். விடியுமுன் எழுந்து வேலைக்கு ஓடும் பெண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் அந்த மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் மக்கள் பட்ட பாட்டை அன்னையார் இன்றும் சொல்லுவார். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலும் மாவின் விலை பன்மடங்கு ஏறியபோது முதலில் கலங்கியவை லயத்து அடுப்புகளே. ஆதலால் இங்கே கோதுமையைக் குறை சொல்ல எவருக்கும் மனம் வராது. பசியாற்றிய தானியம் அது. அதே தானியம் ஒரு பிள்ளைக்கு நஞ்சாகும் என்றால் மூத்தோர் எவ்வாறு நம்புவர்?

அன்னையாரை நம்பவைக்க நாம் வகுப்பில் செய்து காட்டும் ஒரு சோதனையையே வீட்டிலும் செய்தோம். ஒரு பிடி கோதுமை மாவைப் பிசைந்து உருண்டையாக்கி, அரைமணி நேரம் ஊறவிட்டு, நீருள்ள பாத்திரத்தில் மெல்லப் பிசைந்து கழுவ வேண்டும். வெண்மையான மாச்சத்து நீரோடு போய்விடும். கையில் எஞ்சுவது சாம்பல் நிறமான, இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும் ஒரு பொருள். இத்தாலியப் பேரறிஞர் பெக்காரி இவ்வாறு பிரித்தெடுத்த செய்தி 1745ஆம் ஆண்டிலேயே அச்சேறியது. இதனைக் குளுட்டன் என்பர்; தமிழில் பசையம். கிளயடின், குளுட்டனின் என்னும் புரதங்கள் நீரோடு கலந்து பிசைபடுகையில் இவ்வலை பின்னப்படுகிறது. பாண் உப்புவதும், ரொட்டி கிழியாமல் விரிவதும் இதனாலேயே.

அன்னையார் அதை விரலால் இழுத்துப் பார்த்தார். "இதுதானா அது? இவ்வளவு காலமும் இதைத்தானே பிசைஞ்சேன்" என்றார். பிறகு நாம் விளக்கினோம். சிறுகுடலின் உட்சுவரில் சடைமுளைகள் எனப்படும் மிக நுண்ணிய விரல்கள் இருக்கின்றன. உணவின் சத்தை உறிஞ்சுபவை அவையே. சிலருக்குப் பிறப்பிலேயே அமைந்த பரம்பரைத் தன்மையால், பசையம் குடலுள் சென்றதும் உடலின் காவற்படை அதைப் பகையென்று கருதிப் போர் தொடுக்கிறது. அப்போரில் அழிவது சொந்த வீட்டுச் சடைமுளைகள். எவ்வளவு உண்டாலும் சத்துச் சேராது, பிள்ளை மெலியும், குருதி குன்றும். உலகில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோய் உண்டு எனக் கணக்கிடுகின்றனர். அவருள் பலர் தமக்கு நோய் இருப்பதை அறியாமலே வாழ்கின்றனர்.

இலண்டன் மருத்துவர் சாமுவேல் கீ 1888ஆம் ஆண்டிலேயே இந்நோயை விவரித்து, குணம் காணமுடியுமாயின் அது உணவினாலேயே ஆகவேண்டும் என்று கருதினார். எவ்வுணவு என்பது அவருக்குத் தெரியவில்லை. அதை உறுதிசெய்தவர் ஒல்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944ஆம் ஆண்டின் இறுதியிலும் 1945ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் போரினால் ஒல்லாந்தில் கொடும் பஞ்சம் நிலவியது, பாண் அரிதாயிற்று. ஊரெல்லாம் வாடிய அக்காலத்தில் இந்நோயுற்ற பிள்ளைகள் தேறினர். கோதுமையே காரணமென்று முன்னரே ஐயுற்றிருந்த அவர், 1950ஆம் ஆண்டில் தமது ஆய்வேட்டில் அதனைச் சான்றுகளோடு நிறுவினார். ஊரார்க்குப் பஞ்சமானது ஒரு சில பிள்ளைகளுக்கு மருந்தானதை என்னென்பது!

கோதுமையை நிறுத்தி மூன்று மாதத்தில் எம் பிள்ளையின் முகத்தில் குருதி ஓடக் கண்டோம். உடம்பு தேறியது. உள்ளமோ சுருங்கத் தொடங்கியது. கோதுமை ஒளிந்திருக்கும் இடங்கள் அத்தனை. கோவிலில் தரும் கேசரி ரவையால் ஆனது. சேமியாப் பாயசமும் அவ்வாறே. கடையில் வாங்கும் இடியப்பத்திலும் பிட்டிலும் அவித்த கோதுமை மா சேர்வதுண்டு. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா கலப்பதுண்டு. சோயாக் குழம்பிலும் உண்டு. மோல்ட் பானத்தில் பார்லி உண்டு. பாண் வெட்டிய கத்தியில் ஒட்டிய துகளும் ஆகாது. எதைக் கொடுத்தாலும் பிள்ளை வாங்கத் தயங்கினாள். பிறகு, தோழியர் பிறந்தநாள்களுக்குப் போவதையே நிறுத்தினாள். "எனக்குப் பசிக்கல்ல, அத்தை" என்பது அவள் வாய்ப்பாடாயிற்று. பசியில்லை என்று சொல்லப் பழகிய குழந்தையைக் காண்பதினும் கொடியது வீட்டில் வேறில்லை.

இந்நிலையில்தான் கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அப்பெட்டியைக் கொணர்ந்து தந்தார். பசையம் அற்ற பிரவுனி மா என்று அதன்மேல் எழுதியிருந்தது. ஒரு கிலோகிராமில் இருபது மில்லிகிராமுக்கு மேல் பசையம் இல்லாத பண்டத்துக்கே அவ்வாறு பெயரிடலாம் என்பது அனைத்துலக உணவு விதி. உள்ளே அரிசி மா, உருளைக்கிழங்கு மாச்சத்து, மரவள்ளி மாச்சத்து, கொக்கோ, சீனி, இவற்றோடு சாந்தன் என்னும் பிசின். ஒருவகை நுண்ணுயிரைச் சீனிக்கரைசலில் வளர்த்துப் பெறும் பிசின் அது. ஒரு சிட்டிகை சேர்த்தால் குழம்பு கெட்டிப்படும். பசையம் செய்யவேண்டிய பிணைப்பு வேலையைச் சிறிதளவு இது செய்கிறது.

பிரவுனி அமெரிக்கப் பலகாரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது; 1906ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபானி ஃபார்மர் அம்மையாரின் சமையல் நூற் பதிப்பில் அதன் சொக்கலேற் வகைக்குச் செய்முறை காணப்படுகிறது. கேக்கைப் போல் அஃது உயர்ந்து உப்ப வேண்டுவதில்லை. அடர்ந்து, நடுவே ஈரம் கசிய இருப்பதே அதன் அழகு. மா குறைவு, முட்டையும் வெண்ணெயும் கொக்கோவுமே அதனைத் தாங்குகின்றன. ஆகவே பசையமின்றிச் செய்யத் தொடங்குவோர்க்கு இதனினும் இலகுவான பலகாரம் இராது. பாண் செய்ய முயல்வோர் படும் பாடு இதில் இல்லை.

வெள்ளிக்கிழமையில் எம் வீட்டில் முட்டை புழங்காது. எனவே சனிக்கிழமையைத் தேர்ந்தோம். இல்லாள் மேசையைத் துடைத்து, பாத்திரங்களைச் சுடுநீரில் கழுவி, புதிய மரக்கரண்டி ஒன்றை எடுத்துவைத்தார். மாவோடு உருக்கிய வெண்ணெயும் இரு முட்டைகளும் சேர்த்துக் கலக்கி, சிறிய மின்வெதுப்பியில் அரைமணி நேரம் வைத்தோம். அன்னையார் மட்டும் ஐயத்தோடு நின்றார். "அரிசி மா இழுபடாது தம்பி, உதிர்ந்து போகும்" என்றார். வீடு முழுவதும் கொக்கோ மணந்தது. ஆறியபின் வெட்டினோம், விளிம்பு சற்றே உதிர்ந்தது, நடுப்பகுதி மெத்தென்று நின்றது. பதினாறு துண்டுகள்.

கிடைத்தற்கரிய பொருளாயிற்றே, பதினாறும் பிள்ளைக்கே என்று எண்ணி முதற்றுண்டைத் தட்டில் வைத்து அவள் முன் நீட்டினார் இல்லாள். பிள்ளை எடுக்கவில்லை. "இது எனக்கு மட்டுமா, அத்தை?" என்று கேட்டாள். ஆம் என்றதும் தட்டை மெல்லத் தள்ளிவைத்தாள். "எல்லாரும் சாப்பிட்டாத்தான் நானும் சாப்பிடுவேன். தனியாச் சாப்பிடுறது எனக்குப் பிடிக்கல்ல."

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு அன்னையார் முதலில் ஒரு துண்டை எடுத்து வாயிலிட்டார்; நாமும் எடுத்தோம்; பிள்ளையும் எடுத்தாள். அன்றிரவுக்குள் பதினாறும் தீர்ந்தன. பலகாரம் பற்றிச் சொல்ல வேண்டுமாயின், இனிப்பு சற்று மிகுதி. வாயில் மாச்சத்தின் மெல்லிய நெருநெருப்பு. மற்றபடி கோதுமைப் பிரவுனிக்கு எவ்வகையிலும் தாழ்வில்லை. ஆனால் அத்தகைய பெட்டியைக் கொழும்பில் விலைக்கு வாங்கப் புகுந்தால், அவ்விலையைக் கொழுந்து பறிக்கும் தாயின் நாட்கூலியோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குத் தலைசுற்றும். அனைவரும் கூடி உண்பதற்கு அது வழியன்று.

வழியை அன்னையாரே காட்டினார். பரண்மேற் கிடந்த திரிகையை இறக்கச் சொன்னார். பொது ஆலையில் எந்திரத்துள் முன்னர் அரைத்த மா ஒட்டியிருக்கலாம். கோதுமை காணாத திரிகைக்கு அந்த அச்சமில்லை. எமக்குக் கீழே வெல்லவாய, மொனராகலைப் பக்கத்துச் சேனைகளில் விளையும் குரக்கனைத் தானியமாகவே வாங்கிக் கழுவி உலர்த்தி அரைத்தோம். தமிழகத்தார் கேழ்வரகு என்பதும் இதனையே. ஆபிரிக்க மேட்டுநிலத்திற் பிறந்து பல்லாயிரம் மைல் கடந்து வந்த இத்தானியத்தில் பசையம் அறவே இல்லை. நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதன் கருஞ்செந்நிறம் கொக்கோவோடு இணங்கிவிடும்.

செய்முறையை நேயர்களுக்காகத் தருகிறோம். குரக்கன் மா 75 கிராம், வறுக்காத அரிசி மா 50 கிராம், இனிப்புச் சேராத கொக்கோத் தூள் 40 கிராம், சீனி 180 கிராம், வெண்ணெய் 125 கிராம், முட்டை 3, நன்கு கனிந்த வாழைப்பழம் ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை, அப்பச்சோடா கால் தேக்கரண்டி. மாக்களையும் கொக்கோவையும் இருமுறை சலிக்க வேண்டும். உருக்கிய வெண்ணெயில் சீனியைக் கரைத்து, ஆறியபின் முட்டைகளை ஒவ்வொன்றாக அடித்துச் சேர்த்து, மசித்த பழத்தையும் பிறகு மாவையும் கலக்க வேண்டும். கலவையை இருபது நிமிடம் அப்படியே விடுவது இன்றியமையாதது. குரக்கன் நீரை உறிஞ்சி மென்மையாவதற்கு அவகாசம் வேண்டும். எட்டங்குலத் தட்டில் ஊற்றி 175 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ அரைமணி நேரம் சுடலாம். ஈர்க்கைக் குத்தி எடுத்தால் ஈரத் துகள் சிறிது ஒட்டியிருக்கும் தருணமே இறக்கும் தருணம். முழுதும் ஆறுமுன் வெட்டலாகாது, வெட்டினால் உதிரும். மின்வெதுப்பி இல்லாதார் கனத்த சட்டியில் வைத்து, கீழே குறைந்த தணலும் மூடிமேல் மிகுந்த தணலுமாகச் சுடலாம். நாமும் ஒருமுறை அவ்வாறு செய்தோம். அடி சற்றே கருகினும் சுவை குன்றவில்லை.

ஆசிரியர் தினத்தன்று பிள்ளை அதனைத் தகரப் பெட்டியில் அடுக்கி வகுப்புக்குக் கொண்டுபோனாள். இந்நோய் ஒட்டிக்கொள்ளுமா என்று ஒரு தோழி கேட்டாளாம். "ஒட்டாது, ரொட்டிதான் எனக்கு ஒட்டாது" என்று இவள் சொல்ல, வகுப்பே சிரித்ததாம். பெட்டி வெறுமையாகத் திரும்பி வந்தது. அன்றுமுதல் பசிக்கவில்லை என்னும் வாய்ப்பாடு குறைந்தது.

தீபாவளிக்கு முன் அத்தோழியின் தாய் எம் வீட்டு வாயிலுக்கு வந்தார். கொழுந்து பறிக்கும் பெண்மணி. பசையம் என்ற சொல்லையே கேட்டறியாதவர். "ஐயா, பாப்பாவுக்கு அரிசி ஆகுமா? கருப்பட்டி ஆகுமா?" என்று இரண்டே கேள்விகள் கேட்டார். பண்டிகையன்று, முறுக்குக்கும் கோதுமைப் பலகாரத்துக்கும் எண்ணெய் வைக்குமுன், கழுவிய சட்டியில் புது எண்ணெய் ஊற்றி, முதல் ஈட்டில் அதிரசம் சுட்டு எடுத்து, பிள்ளைகள் யாவருக்கும் அதையே பரிமாறினாராம். பல பக்கம் எழுதி நாம் விளக்க முயலும் கருத்தை அவர் ஒரு சட்டி எண்ணெயில் விளக்கிவிட்டார்.

மாணவர்க்கும் பெற்றோர்க்கும் சில எச்சரிக்கைகள் கூறுவது எம் கடன். பிள்ளைக்கு இந்நோய் உண்டோ என்று ஐயம் எழுந்தால் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தியபின் செய்யும் பரிசோதனை நோயை மறைத்துவிடும். முதலில் மருத்துவரை நாடுக. நோயில்லாதார் பிறரைப் பார்த்துக் கோதுமையைத் துறக்க வேண்டுவதில்லை. கடையில் வாங்கும் குரக்கன் மாவிலும் குரக்கன் நூடில்சிலும் கோதுமை கலந்திருக்கக்கூடும். பொதியின்மேல் எழுதியதைப் படித்த பின்னரே வாங்குக. பிரவுனியோ, கோதுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சீனியும் கொழுப்பும் மலிந்த பண்டம். விழாநாளுக்கு உரியது, அன்றாடத்துக்கு அன்று.

இனி எஞ்சியது ஒன்றே. உங்கள் வீட்டுக்கு ஒரு குழந்தை விருந்துக்கு வரும்போது, அதற்கு ஆகாதது எது என்று அதன் தாயிடம் முன்கூட்டியே கேளுங்கள். கேட்டபின் அக்குழந்தைக்கென வேறொரு சிறு தட்டு வைக்காதீர்கள். அன்றைய பலகாரங்களுள் ஒன்றையேனும் எல்லாரும் உண்ணத்தக்கதாகச் செய்யுங்கள். அரிசி மாவுக்கும் குரக்கனுக்கும் நம் ஊரில் பஞ்சமில்லை.